பிடித்த கையே தீர்ப்புச் சொன்ன பருவம்

அன்புள்ள நண்பனுக்கு,

எதைச் சொல்வதானாலும் முதலில் பட்டியல் போடுகிறவன் என்று என்னைக் கேலி செய்தவன் நீ. "மாப்ளே, ஒன் கல்யாணத்துக்கே நீ வரிசை நம்பர் போட்டு எழுதி வச்சிருப்ப" என்பாய். எழுதித்தான் வைத்திருந்தேன். உன்னிடம் சொன்னதில்லை. இந்த வயதிலும் பட்டியல் இல்லாமல் எனக்குக் கை ஓடவில்லை. பொறுத்துக்கொள். இந்த மடலில் வரவிருப்பவை:

1. இன்று காலை எதிர்வீட்டிலிருந்து வந்த வாசனை.
2. மலை ஏறும் பஸ்சில் நாம் போட்ட சண்டை.
3. பேச்சியம்மாள் ஜீப் ஸ்டாண்டில் நின்ற ஒன்பது நாட்கள்.
4. நான் எழுதிய தாளை அன்றே ஏற்றிருந்தால் அந்த ஒன்பது நாட்கள் வந்தே இருக்காது. ஆகவே பிழை உன்னுடையது என்பது.
5. உன்னிடமிருந்து வந்து இன்னும் என்னிடம் இருப்பது.

இந்த வரிசையிலேயே எழுதி முடிப்பேனா என்று தெரியவில்லை. முயல்கிறேன்.

எதிர்வீட்டின் கீழ்ப்பகுதியை ஓர் ஏலக்காய் வியாபாரி வாடகைக்கு எடுத்திருக்கிறார். காலை ஒன்பது மணிக்குப் பெண்கள் வந்து தரையில் வட்டமாக உட்கார்ந்து காய்களைத் தரம் பிரிப்பார்கள். போடியில் இருந்துகொண்டு ஏலக்காய் வாசனை அடிக்கிறது என்று சொல்பவன் ஊருக்குப் புதியவன். நமக்கெல்லாம் அது காற்றோடு கலந்த ஒன்று. ஆனால் இன்று இறக்கிய மூட்டைகளில் ஒன்று வேறு மாதிரி இருந்தது. விறகுப் புகை ஏறிய காய். இப்போது அப்படி உலர்த்துகிறவர்கள் குறைவு. ஈரச் சாக்கும் புகையும் பச்சை மணமும் சேர்ந்து ஜன்னல் வழியாக வந்தபோது, மழைநாளில் உன் ஸ்டோர்க் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் சூடு அப்படியே வந்தது. ஸ்டோர் என்று நாம் சொன்னது ஓட்டுக் கூரை போட்ட அந்த உலர்த்தும் வீட்டைத்தான். கண் எரியும். நீ உள்ளே நின்றுகொண்டு, "வாய்யா வாத்தியாரே, கொஞ்சம் நீயும் காஞ்சு போ" என்பாய்.

நான் வலது பக்கம் திரும்பினேன். பஸ்சில் நீ உட்காரும் பக்கம் அது. நீ போய் முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. திரும்பிய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை மதியம் பள்ளி விட்டதும் நான் போடி பஸ் நிலையத்துக்கு வருவேன். நீ காலையிலேயே சிலமலையிலிருந்து வந்து, கடைவீதிச் சோலிகளை முடித்துவிட்டு, எனக்காக ஜன்னலோர இருக்கையில் துண்டைப் போட்டு வைத்திருப்பாய். மலை வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும். எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டுதான் ஏறுவேன். என்னைப் பேச வைத்தால் குமட்டல் தெரியாது என்பது உன் கண்டுபிடிப்பு. அதனால் அடிவாரம் தாண்டியதும் எதையாவது கிளப்புவாய். வளைவுக்கு ஒரு வாதமாகப் போடிமெட்டு வரை சண்டை போடுவோம். மருந்தாகத்தான் என்னைச் சீண்டினாயா, உண்மையிலேயே அப்படி நினைத்தாயா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

நாட்டில் நெருக்கடி நிலை இருந்த இரண்டாம் வருடம் அது. எட்டாம் வகுப்புக்குக் குடிமையியல் எடுத்தேன். சட்டம் இயற்றுவது ஒரு கை, அதை நடத்துவது ஒரு கை, தவறு நடந்ததா என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது இன்னொரு கை. மூன்றும் ஒரே உடம்பில் இருக்கக்கூடாது என்ற பாடம் வந்தபோது என் குரல் தானாகவே இறங்கியது. கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது. யாரும் என்னிடம் குரலை இறக்கச் சொல்லவில்லை. நானே இறக்கிக்கொண்டேன். அன்று பஸ்சில் அதை உன்னிடம் சொன்னேன், மெதுவாகத்தான்.

நீ பஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தாய். "எதுக்குடா மூணா பிரிக்கணும்? நல்லவன் ஒருத்தன் இருந்தா அவன்ட்ட அம்புட்டையும் கொடுத்துற வேண்டியதுதான? சோலி வெரசா முடியும்ல?"

"நல்லவன்னு எப்படித் தெரியும்?"

"என்னையத் தெரியாதா ஒனக்கு?"

எனக்குத் தெரியும். இரண்டாம் வகுப்பிலிருந்து தெரியும். பரீட்சையில் நான் உன் தாளைப் பார்த்து எழுதியதற்கு நீ அடி வாங்கினாய். அதனால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வளைவில் நீயே என் முதுகைத் தட்டி, "சரி விடு, வாந்தி வரலேல்ல?" என்றாய்.

அந்த வருடம்தான் ஏலத்தோட்டங்கள் இருந்த நம் மலைச்சரிவில் திருட்டு மிகுந்தது. செடியிலிருந்தே பச்சைக்காயை உருவிக்கொண்டு போனார்கள். ஸ்டோர்களில் உலர்ந்துகொண்டிருந்ததையும் அள்ளினார்கள். சரிவில் சின்னச் சின்ன இடம் வைத்திருந்த இருபது பேர் சேர்ந்து ஒரு காவல் சங்கம் தொடங்கினோம். என் மனைவி வழியில் வந்த அரை ஏக்கரை வைத்து நானும் அதில் ஒருவன். எழுதத் தெரிந்தவன் என்பதால் செயலாளர் ஆனேன்.

உன் ஸ்டோரில் கூடிய முதல் கூட்டத்துக்கு நான் ஒரு தாள் தயார் செய்து போயிருந்தேன். நீள வாக்கில் மூன்று பத்தி. முதல் பத்தி: விதி செய்வது எல்லோரும் கூடிய கூட்டம். இரண்டாம் பத்தி: விதிப்படி காவல் காப்பதும் பிடிப்பதும் காவல் தலைவர். மூன்றாம் பத்தி: பிடிபட்டவரை விசாரிப்பது, நம் சரிவில் ஒரு செடிகூட இல்லாத மூன்று பேர். அதை நான் வாசித்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "ஒரு காய்த் திருடனைப் பிடிக்க மூணு ஆபீசாய்யா? இவுக கூடிப் பேசி முடிக்கிறதுக்குள்ள அவன் மதுரையில வித்துட்டு சினிமாப் பாத்துட்டு வந்துருவான்" என்றார். சிரிப்பில் உன் ஸ்டோரே அதிர்ந்தது.

நீயும் சிரித்தாய். "வாத்தியாரு நம்ம எல்லாரையும் கவர்மெண்டு ஆக்கப் பாக்குறாரு" என்றாய்.

பிறகு எல்லோரும் உன்னையே கை காட்டினார்கள். விதி என்ன என்று நீயே சொல், நீயே பிடி, நீயே தீர்த்துவிடு. உன்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதில் பொய்யில்லை. நான் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. 'சபையின் விருப்பப்படி' என்று நடவடிக்கைப் புத்தகத்தில் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

விதியை நீ வாயால் சொன்னாய், நான் வாக்கியமாக்கினேன். மலையிலிருந்து இறங்கும் எவர் மடியிலோ பையிலோ பச்சைக்காய் இருந்தால், அவர் அந்தப் பருவம் முழுதும் நம் சரிவில் வேலைக்கு ஏறக்கூடாது. அவர் பெயர், கூலியாட்களை மலைக்கு ஏற்றும் போடி ஜீப் ஸ்டாண்டில் எழுதி வைக்கப்படும். எழுதி முடித்து இருமுறை படித்துக் காட்டினேன். இருபது ஆண்கள் கேட்டோம். ஒருவருக்கும் மடிக்காய் நினைவுக்கு வரவில்லை.

அது பெண்களுக்குள் நடக்கும் காரியம் என்பதால்தான் நமக்குத் தோன்றவில்லை என்று இப்போது நினைக்கிறேன். பருவத்தின் முதல் எடுப்பு அன்று, காய் பறித்துவிட்டு இறங்கும் பெண்ணின் மடியில் இடத்துக்காரர் வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி பச்சைக்காய் போடுவாள். அவள் அதை வீட்டு அடுப்பு மேட்டில் உலர்த்தி, சாமிக்கு வைக்கும் பொங்கலுக்கென்று வருடம் முழுக்க வைத்திருப்பாள். உன் தாயார் போட்டிருக்கிறார். என் மனைவி போடுவாள். நாம் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஆனால் சட்டம் எழுதும்போது அது நம் கண்ணில் இல்லை.

எங்கள் இடம் தாழ்வில் இருந்ததால் அங்கே காய் முதலில் முற்றும். சரிவிலேயே முதல் எடுப்பு எங்களுடையது. இடம் சின்னது, ராசிங்காபுரத்துப் பேச்சியம்மாள் ஒருத்தி போதும். அந்தச் சனிக்கிழமை காலை என் மனைவி அவளோடு மலைக்குப் போனாள். மதியம், கம்பத்தில் தங்கைக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது என்று ஆள் வர, கிடைத்த ஜீப்பில் ஏறி அப்படியே கம்பம் போய்விட்டாள். நான் பஸ்சில் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். வழியில் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒற்றையடிப் பாதை ரோட்டைத் தொடும் இடத்தில் காவல் கொட்டகை. நான் போய்ச் சேர்ந்தபோது நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய், இடத்துக்காரர்கள் நான்கைந்து பேர் சுற்றிலும். பேச்சியம்மாள் இறங்கி வந்தாள். நீ மடியை அவிழ்க்கச் சொன்னாய். ஒளிக்க அவளுக்கு ஒன்றுமில்லை என்பதால் சிரித்துக்கொண்டே அவிழ்த்தாள்.

"இது என்ன ஆத்தா?"

"மடிக்காய்தான் அப்பு. வாத்தியாரு வீட்டம்மா போட்டுச்சு. முத எடுப்புல்ல?"

உன் முகம் ஒரு கணம் இளகியதை நான் பார்த்தேன். நீ என்னிடம் திரும்பினாய். "மாப்ளே, ஒனக்குத் தெரியுமா?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் இப்பத்தான் பஸ்ச விட்டு எறங்கறேன். நான் பாக்கலை." அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் எழுதுறவன். சாட்சி சொல்றது என் வேலை இல்லையே" என்றும் சொன்னேன்.

நீ இன்னும் கொஞ்சம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பெஞ்சுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "மொத நாளே விட்டா, நாளைக்கு எல்லா மடியிலயும் மடிக்காய்தான் இருக்கும்" என்றது. நீ, "எழுது" என்றாய். நான் எழுதினேன்.

பேச்சியம்மாள் அழவில்லை. கையிலிருந்த காய்களைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தாள். "அப்பு, சட்டம் போட்டதும் நீங்க, புடிச்சதும் நீங்க, தீர்ப்புச் சொல்றதும் நீங்கன்னா, நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?" என்று கேட்டாள். நான் கல்லூரியில் படித்ததும் பள்ளியில் நடத்தியதும் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். கேட்டுவிட்டு அவள் பதிலுக்கு நிற்காமல் ரோட்டில் இறங்கி நடந்தாள். எந்த ஜீப்பும் அவளை ஏற்றக்கூடாது என்பது அதற்குள் ஜீப்புக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமையிலிருந்து அவள் விடியற்காலையில் ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தாள். கூடையும் தூக்குவாளியும் கையில் இருக்கும். பெயர் எழுதிய பலகைக்குப் பக்கத்திலேயே நிற்பாள். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள். கடைசி ஜீப் போனதும் ராசிங்காபுரத்துக்குத் திரும்பி நடப்பாள். மறுநாள் மறுபடி வருவாள். நீ அவளைத் தாண்டித்தான் ஜீப் ஏற வேண்டும். நான் அவளைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போக வேண்டும். நான் மூன்றாம் நாளே வேறு தெரு வழியாகப் போகப் பழகிக்கொண்டேன். நீ வழியை மாற்றவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த வாரம் மற்ற இடங்களில் முதல் எடுப்பு தொடங்கியது. ஒரு வீட்டிலும் மடிக்காய் போடவில்லை. போடுகிறவளுக்கும் பயம், வாங்குகிறவளுக்கும் பயம்.

வியாழக்கிழமை என் மனைவி கம்பத்திலிருந்து வந்தாள். ஜீப் ஸ்டாண்டில் பலகையைப் பார்த்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்து, பையைக்கூட வைக்காமல் கேட்டாள்: "நீங்க அங்கதான இருந்தீக?"

"நான் பாக்கலையே."

"பாக்கலைன்னா, எம் பொண்டாட்டி வரட்டும், கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்ல வாயில்லையா? சுண்ணாம்புக் கட்டியவா வாயில வச்சிருந்தீக?"

மறுநாள் அவளே பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு சிலமலையில் உன் வீட்டுக்குப் போனாள். நீ அவளுக்கு மோர் கொடுக்கச் சொன்னாயாம். "தங்கச்சி, நீ பொய் சொல்ல மாட்டன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் போட்ட சட்டத்தை வச்சு, நானே புடிச்சு, நானே தீர்ப்புச் சொன்னேன். இப்ப நானே அது தப்புன்னா, மூணுமே தப்புன்னு ஆகிப்போகும்ல? அப்புறம் எவன் பயப்படுவான்?" என்றாயாம். என் மனைவி மோரைத் தொடாமல் வந்துவிட்டாள்.

அதை அவள் வந்து சொன்ன அன்றுதான் என் பாடத்தின் உள்ளே ஓர் ஓட்டையைப் பார்த்தேன். அதிகாரம் கெட்டவன் கையில் சேரக்கூடாது, அதற்காகப் பிரிக்கிறோம் என்றுதான் நான் வகுப்பில் சொல்லி வந்தேன். நல்லவன் கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை. நீ நல்லவன். அவள் குற்றமற்றவள் என்று உன் மனதுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் உன்னால் அவளை விடுவிக்க முடியவில்லை. பிடித்தவன் வேறு, விசாரித்தவன் வேறு என்று இருந்தால், 'பிடித்தது அவன் கடமை, விட்டது எங்கள் முடிவு' என்று யாருக்கும் தலைகுனிவில்லாமல் முடிந்திருக்கும். ஒருவனே மூன்றுமாக இருந்தால் தன் தவறை ஒத்துக்கொள்ள அவன் மூன்று முறை கீழே விழ வேண்டும். எத்தனை பேரால் முடியும்? ஒரு சரிவுக்கே இப்படியென்றால் ஒரு நாட்டை ஆள்கிறவர்களால் எப்படி முடியும்? இந்தக் கேள்வியை நான் வகுப்பில் உரக்கக் கேட்கத் துணிந்தது அடுத்த வருடம், தேர்தலெல்லாம் முடிந்து ஊரே உரக்கப் பேசத் தொடங்கிய பிறகு.

ஒன்பதாம் நாள் நீ என் வீட்டுக்கு வந்தாய். பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். உன் கண்கள் சிவந்திருந்தன. வழக்கமான புகையாகவும் இருக்கலாம்.

"மாப்ளே, அந்த மூணு பத்திக் காகிதத்தைக் கொண்டா."

கொண்டு வந்தேன். நின்றுகொண்டே படித்தாய்.

"இதுல நான் எங்க நிக்கணும்?"

"நடுப் பத்தியில. புடிச்சவனா."

"பேச்சியம்மா?"

"உனக்கு எதிர்ல. சமமா."

"நடுவுல உக்காந்து கேக்குறவுக?"

"நம்ம சரிவுல ஒரு செடியும் இல்லாதவங்க."

நீ பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாய். "போடியில ஏலச்செடி இல்லாத யோக்கியன எங்கிட்டுப் போயித் தேட?"

தேடினாய். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தையல்கடை அண்ணாச்சி, ஆஸ்பத்திரி நர்சம்மா. பெண்ணைப் போட்டதற்கு இருபது பேரில் பாதிப்பேர் முணுமுணுத்தார்கள். "புடிபட்டது பொம்பள, கொடுத்தது பொம்பள. கேக்குறதுலயாச்சும் ஒண்ணு இருக்கட்டும்" என்று நீ முடித்துவிட்டாய்.

ஞாயிறு விசாரணை, அதுவரை ஸ்டாண்டில் நிற்க வேண்டாம் என்று பேச்சியம்மாளுக்கு அன்றே சொல்லி அனுப்பினாய். அந்த ஞாயிறு மதியம் உன் ஸ்டோர் வாசலில் மூன்று நாற்காலி போட்டோம். நீயும் பேச்சியம்மாளும் எதிரெதிரே சாக்கில் உட்கார்ந்தீர்கள். அவள் உட்காரத் தயங்கினாள். நீ முதலில் உட்கார்ந்து காட்டினாய். நான் ஓரமாக நடவடிக்கைப் புத்தகத்தோடு.

நர்சம்மா உன்னைக் கேட்டார். "எம்புட்டுக் காய் இருந்துச்சுண்ணே?"

"ஒரு கைப்பிடி."

"ஒளிச்சு வச்சிருந்தாகளா?"

"இல்ல. கேட்டதும் அவுத்துக் காட்டுனாக."

என் மனைவி எழுந்து தான் போட்டதைச் சொன்னாள். பிறகு பேச்சியம்மாளுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். அவள் உன்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பு, ஒங்க ஆத்தா இருந்தப்ப எம் மடியில போட்டதில்லையா? நீங்க பக்கத்துல நின்னு பாத்ததில்லையா?"

"போட்டிருக்கு. பாத்திருக்கேன்" என்றாய். பிறகு யாரும் கேட்காமலே, "அன்னைக்கு அது எனக்கு நெனப்பும் வந்துச்சு" என்றாய்.

அவள்மேல் குற்றமில்லை என்றும், எழுதியவர்களே அந்தப் பெயரை ஜீப் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க அழிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். "அப்படியே அந்தச் சட்டத்தையும் நீங்களே திருத்திக் கொடுத்துருங்கம்மா" என்றாய் நீ. நர்சம்மா, "அது எங்க சோலி இல்லண்ணே. அது ஒங்க கூட்டம் செய்யணும்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மூன்று பத்தியும் நடந்துவிட்டதடா என்பதுபோல.

மறுநாள் காலை ஈரத்துணியால் பலகையை நீயே துடைத்தாய். ஜீப்புக்காரர்கள் வாய் பார்த்து நின்றார்கள். ஒருவன், "என்னண்ணே, நீங்களே கேசப் போட்டு நீங்களே தோத்துட்டீகளா?" என்றான். "ஆமாடா. ஜெயிச்சிருந்தா இன்னும் கேவலம்" என்றாய். பேச்சியம்மாளை முன் இருக்கையில் ஏற்றிவிட்டு நீ பின்னால் தொங்கிக்கொண்டு போனாய்.

அன்று இறங்கி வந்ததால் நீ குறைந்துபோகவில்லை, நண்பா. அடுத்த வருடமும் காவல் உன்னிடம்தான் இருந்தது. விசாரணை உன்னிடம் இல்லை. "மூணு பேரு சொமையை ஒருத்தனா தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன், கிறுக்குப்பய. இப்பத்தான் கழுத்து நிமிருது" என்று பஸ்சில் சொன்னாய். நான் பாட நூலிலிருந்து ஏதோ மேற்கோள் சொல்லத் தொடங்கினேன். "போதும், எலுமிச்சம்பழத்த மோந்து பாரு" என்றாய்.

எண்பதுகள் நமக்கு நன்றாகத்தான் போயின. சனிக்கிழமைகளும் வளைவுகளும் இருந்தன. ஒருமுறை, மழை பெய்துகொண்டிருந்த பயணத்தில், நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அன்னைக்குக் கொட்டகையில நீ ஒரு வார்த்தை, 'பொறு, எம் பொண்டாட்டி வரட்டும்'னு சொல்லியிருந்தா, அதப் புடிச்சுக்கிட்டு நான் நிறுத்தியிருப்பேன் மாப்ளே. அதுக்குத்தான் ஒன்னையப் பாத்தேன்." எனக்கு வயிற்றைப் புரட்டுவதாகச் சொல்லிவிட்டேன். நீ உடனே நடத்துநரைக் கூப்பிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னாய். நான் இறங்கி மழையில் நின்றேன், வாந்தி எடுப்பவனைப்போல. நீ தலைக்கு மேல் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் நீ மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாய். ரயிலில் உன்னைப் பார்க்க வந்தேன். சட்டைப்பையில் ஒரு சீட்டு. உன்னிடம் சொல்ல வேண்டியவை மூன்று. முதலாவது, உன் காய் நல்ல தரமாக வந்திருக்கிறது. இரண்டாவது, பேச்சியம்மாள் உனக்காகப் பொங்கல் வைத்தாள். மூன்றாவது, கொட்டகையில் நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையைப் பற்றியது. இரண்டாவதைச் சொன்னபோது நீ சிரித்தாய், இருமினாய், பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று சீட்டை மடித்துவிட்டேன்.

அந்த அடுத்த வாரத்தில் நீ இல்லை.

உன்னிடமிருந்து என்னிடம் இருப்பது என்ன என்று ஐந்தாவதாக எழுத வேண்டும். மறுத்துப் பேச ஆளில்லாத வீட்டில் வாழ்கிறேன். மகள் என் பேச்சை மரியாதையோடு கேட்டுக்கொள்கிறாள். மனைவியும் போய்விட்டாள். என்னைக் கேலி செய்ய, 'அது எப்படிடா?' என்று குறுக்கே விழ, ஒருவரும் இல்லை. செய்தித்தாளில் எங்கோ ஓர் ஊரில் ஒரே ஆள் பிடித்து, அவரே தீர்ப்பும் சொல்லி, பிடிபட்டவர் வீட்டையும் இடித்துவிட்டார் என்று படிக்கும்போது எனக்குச் சட்டப் புத்தகம் நினைவுக்கு வருவதில்லை. நீ சாக்கில் உட்கார்ந்ததுதான் வருகிறது. உன் கழுத்து நிமிர்ந்ததும். ஆள்கிறவர்களுக்கும் அந்தச் சாக்கு ஒன்று எங்காவது போடப்பட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அவர்களுடைய நன்மைக்கும் சேர்த்துத்தான். உன்னிடமிருந்து நான் வைத்திருப்பது இவ்வளவே. இதுவும் உன் தயவில்.

இப்போது மேலே போய்ப் பட்டியலைப் பார்த்தேன். நான்காவதை எழுதாமலே தாண்டி வந்திருக்கிறேன். இத்தனை வருடங்களும் அதை நம்பித்தான் தூங்கினேன்: தாள் சரி, அதை மறுத்த நீ தவறு. எழுதப் போனால் நிற்கவில்லை. என் தாளை அன்றே எல்லோரும் ஏற்றிருந்தாலும், அந்த மூன்று பேர் நாற்காலியில் உட்கார்ந்து, 'இது மடிக்காய்தானா, தெரிந்தவர் யார்?' என்று கேட்டிருப்பார்கள். கண்ணால் பார்க்கவில்லை என்றாலும், என் மனைவி ஒவ்வொரு முதல் எடுப்பிலும் போடுவாள் என்று தெரிந்தவன் நான் ஒருவன். நான் எழுந்து, எழுதுவது மட்டும்தான் என் வேலை என்று, இன்னும் தைரியமாக, விதியைக் காட்டியே சொல்லியிருப்பேன். மூன்று பத்தி போட்டதில் ஒரு பத்தியிலும் என் பெயர் இல்லை. அப்படித்தான் கவனமாகப் போட்டிருந்தேன். அதிகாரத்தைப் பிரிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இன்னும் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிரிவினைக்குள் நான் ஒளிந்துகொண்டேன்.

நான்காவது தவறு, நண்பா. பேச்சியம்மாளின் ஒன்பது நாட்களில் பாதிக்கு மேல் என்னுடையவை.